பழைய ஆம்னியின் ஷாஃப்ட்டை நாம் கட்டும் காருக்குப் பொருத்துவது: அளவெடுப்பதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது வரை

கிட் கார் (பழைய வண்டியின் பாகங்களை வைத்து நாமே கட்டும் கார்) கட்டுகிறோம் என்று கிருஷ்ணகிரியில் என் ஷெட்டுக்கு வருகிற பையன்களில் பாதிப் பேர் ஏற்கெனவே வெட்டிய ஷாஃப்ட்டோடுதான் வருகிறார்கள். "அண்ணா, ரெண்டு இஞ்ச் குறையுது, நடுவுல ஒட்டுப் போட்டுக் கொடுக்க முடியுமா?" என்று கேட்பார்கள். முடியாது. என் முதல் ஷாஃப்ட்டில் நானே அப்படி ஒட்டுப் போட்டேன். அது 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் சீட்டையே உலுக்கி, கடைசியில் காயலான் கடைக்குப் போனது. இரண்டாவது ஷாஃப்ட் இன்றும் ஓடுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், வேலையை எந்த வரிசையில் செய்தேன் என்பதுதான்.

என் வண்டி இருவர் உட்காரும் திறந்த கார். மாருதி ஆம்னியின் 796 சிசி இன்ஜின் முன்னால், அதன் கியர்பாக்ஸ் நடுவில், அதன் ஆக்சில் பட்டை ஸ்பிரிங்கோடு பின்னால். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஜிப்ஸி, பொலேரோ என்று பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட் போகும் எந்த வண்டிக்கும் முறை இதேதான், அளவுகள்தான் மாறும்.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. நாமே கட்டிய காரைப் பொதுச் சாலையில் இறக்குகிற எண்ணம் வேண்டாம். நான் ஓட்டிப் பார்த்தது விற்காமல் கிடக்கும் ஒரு மனைப்பிரிவின் தார்ச்சாலையில், அதுவும் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு.

1. முதலில் சேர்க்க வேண்டியவை

கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பின் ஆக்சில் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் விலை குறையலாம். ஆனால் ஃபிளான்ஜில் (ஷாஃப்ட்டை ஆக்சிலோடு பூட்டும் வட்டத் தட்டு) போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போகாது, ஒத்துப்போனாலும் நடுவில் உள்ள மேடும் பள்ளமும் சேராது. ஷாஃப்ட்டை மையத்தில் உட்கார வைப்பது அந்த மேடுதான். போல்ட்டின் வேலை பிடித்துக்கொள்வது மட்டும். மேடு சேராமல் போல்ட்டை மட்டும் நம்பி மாட்டிய ஷாஃப்ட் மையம் விலகித்தான் சுற்றும். வேறு ஆக்சில்தான் கிடைத்தது என்றால், இடையில் ஒரு வட்டு கடைய வேண்டும். அதன் இரு பக்க மையமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைக் கடைசல்காரரிடம் வாயால் சொல்லாமல் படம் வரைந்து கொடுங்கள்.

கருவிகளில் டயல் கேஜும் (சுற்றும்போது எவ்வளவு பிசகுகிறது என்று முள்ளால் காட்டுவது) காந்த ஸ்டாண்டும் இல்லாமல் இந்த வேலை நடக்காது. அவை லேத் பட்டறையில் இருக்கும். உங்கள் கையில் ஒரு சென்டர் பஞ்ச், ஸ்டீல் டேப், ஆங்கிள் கேஜ், சர்கிளிப் பிளையர், நான்கு உறுதியான ஸ்டாண்டு வேண்டும். ஆங்கிள் கேஜ் இல்லையென்றால் செல்போனில் வரும் மட்டக்கோல் போதும். ஆனால் உறையைக் கழற்றிவிட்டு வையுங்கள்.

இரண்டு புது கிராஸ் வாங்கி வையுங்கள். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் வளைந்து சுற்ற உதவும் கூட்டல்குறி வடிவ மூட்டுதான் கிராஸ். அதன் நான்கு முனையிலும் நீடில் என்ற மெல்லிய உருளைகள் அடங்கிய கப் இருக்கும். பழையது நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் புதிதுதான் போட வேண்டும்.

2. பழைய ஷாஃப்ட் தேறுமா?

கிராஸ் தேய்ந்திருந்தால் கவலையில்லை, அதை எப்படியும் மாற்றப் போகிறோம். பார்க்க வேண்டியது யோக், அதாவது கிராஸைப் பிடித்திருக்கும் இரண்டு காதுள்ள முனை. கிராஸின் கப்பைத் தட்டி வெளியே எடுத்துவிட்டு, கப் உட்கார்ந்திருந்த ஓட்டையை விரலால் தடவுங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். வரிவரியாகச் சுரண்டல் தட்டுப்பட்டால் கப் உள்ளேயே சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். அந்த யோக்கில் புது கிராஸும் நிற்காது.

அடுத்தது ஸ்லிப் யோக். ஆம்னியில் ஷாஃப்ட்டின் முன்முனை கியர்பாக்ஸின் வாலுக்குள் நுழைந்து முன்னும் பின்னும் நகரும். அதை உள்ளே செருகி முறுக்கிப் பாருங்கள். ஸ்பிளைனில் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல்வரிசை) கையால் உணரும் அளவுக்கு ஆட்டம் இருந்தால், ஒவ்வொரு முறை கிளட்ச் விடும்போதும் 'டக்' என்று கேட்கும். ஆயில் சீல் உட்காரும் பகுதியில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் கியர் ஆயில் ஒழுகும்.

குழாயில் நெளிவு இருக்கிறதா என்பது நீங்கள் செய்யப் போவதைப் பொறுத்தது. குட்டையாக்குவதென்றால் நெளிந்த குழாய் ஆகாது. நீளமாக்குவதென்றால் குழாயையே தூக்கிப் போடப் போகிறோம், எப்படி இருந்தால் என்ன.

3. வண்டி முழுதாக உட்கார்ந்த பிறகே டேப்பை எடுங்கள்

புதிதாகக் கட்டுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சேஸில் இன்ஜினைக் கம்பியால் கட்டி நிறுத்தி, ஆக்சிலைச் செங்கல் மேல் வைத்து அளவெடுக்கிறார்கள். பிறகு ரப்பர் மவுண்ட் போட்டதும் கியர்பாக்ஸின் வால் 10 மி.மீ. இறங்கிவிடுகிறது. பின் ஸ்பிரிங் கடினமாக இருக்கிறதென்று இரண்டு பட்டையை உருவுகிறார்கள். ஆக்சில் நகர்ந்துவிடுகிறது. அளவு எல்லாம் போச்சு.

பட்டை உருவுவதாக இருந்தால் இப்போதே உருவுங்கள். ஆம்னியின் ஸ்பிரிங் ஒரு வேன் நிறைய ஆளும் மூட்டையும் ஏற்றுவதற்கானது. நம் இலேசான காருக்கு அது கூடுதல், எப்படியும் குறைக்கத்தான் போகிறீர்கள்.

இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டும் கடைசியாகப் போடப் போகும் ரப்பரிலேயே உட்கார வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர், டேங்கில் பாதி பெட்ரோல், டயரில் சரியான காற்று. ஆள் பாரத்துக்கு நான் செய்தது: சீட்டுக்கு ஒரு சிமெண்ட் மூட்டை, அதன் மேல் ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேன். மூட்டை 50, தண்ணீர் 20, ஆக மொத்தம் 70 கிலோ. அப்புறம் வண்டியை நான்கு அடி முன்னும் பின்னும் தள்ளி, பின்பக்கத்தை இரண்டு தடவை அழுத்தி விடுங்கள். தள்ளாமல் அளந்தால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங்கை முழுதாக இறங்க விடாது.

4. நீளத்துக்கு முன் கோணம்

நீளத்தை முதலில் அளந்துவிட்டுக் கோணத்தைத் திருத்தினால் நீளம் மாறிவிடும். அதனால்தான் இந்த வரிசை.

கிராஸ் வளைந்து சுற்றும்போது ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 3 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் 0.15 சதவீதம்கூட இல்லை, தெரியாது. 10 டிகிரியில் ஒன்றரை சதவீதத்தை எட்டும், அது உடம்பில் தெரியும். முன் கிராஸ் செய்யும் கோளாறைப் பின் கிராஸ் அதே அளவில் எதிர்த்திசையில் செய்தால் இரண்டும் கழிந்துபோகும். அதற்கு இரு முனையிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும்.

ஆக, கியர்பாக்ஸின் அச்சும் பினியனின் (டிஃபரன்ஷியலுக்குள் ஷாஃப்ட் சுற்றும் பல்சக்கரம்) அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கத் தேவையில்லை, இருக்கவும் கூடாது. முழு நேராக வைத்தால் கிராஸின் நீடில்கள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று பள்ளம் விழுந்துவிடும். ஒவ்வொரு முனையிலும் 1 முதல் 3 டிகிரி நல்லது. இரு முனைக்கும் இடையே வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருக்கட்டும்.

அளப்பது எளிது. கியர்பாக்ஸில் கடைந்த தட்டையான முகம் ஒன்றில் கேஜை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பினியன் ஃபிளான்ஜின் முகத்தில் வைத்துக் குறியுங்கள். இரண்டு மையங்களுக்கும் இடையே ஒரு நேரான சதுரக் குழாயைப் பிடித்து ஷாஃப்ட்டின் சரிவைக் குறியுங்கள். கழித்தால் இரு முனைக் கோணமும் வந்துவிடும்.

பட்டை ஸ்பிரிங் வண்டியில் இன்னொரு சங்கதி உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஆக்சில் முறுக்கிக்கொண்டு பினியனின் மூக்கு மேலே எழும். நிற்கும்போதே சரியாக இணையாக வைத்துவிட்டால், ஓடும்போது இணை தவறிவிடும். நான் மூக்கை 1.5 டிகிரி தாழ்த்தி வைத்தேன். ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே ஆப்பு வடிவத்தில் கடைந்த இரும்புத் துண்டு வைத்தால் போதும். ஆப்பு வைத்து யு போல்ட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளங்கள்.

மேலிருந்தும் ஒரு முறை பாருங்கள். கால் வைக்க இடம் வேண்டுமென்று இன்ஜினைப் பக்கவாட்டில் நகர்த்தியிருப்பீர்கள். 1000 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 50 மி.மீ. விலகல் என்றால் அதுவே கிட்டத்தட்ட 3 டிகிரி. பக்கத்திலிருந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், கோளாறு மேலே ஒளிந்திருக்கும்.

5. நீளம் அளப்பது

ஸ்லிப் யோக்கை மட்டும் கியர்பாக்ஸுக்குள் முட்டும் வரை தள்ளுங்கள். சீலை ஒட்டி யோக்கின் மேல் மார்க்கரால் கோடு போடுங்கள். பிறகு 20 முதல் 25 மி.மீ. வெளியே இழுங்கள். அந்த நிலையில் முன் கிராஸின் நடுப்புள்ளியிலிருந்து பின் கிராஸின் நடுப்புள்ளி வரை அளங்கள். இதுதான் ஷாஃப்ட்டின் நீளம். குழாயின் நீளமோ ஃபிளான்ஜிலிருந்து ஃபிளான்ஜ் வரையிலான நீளமோ அல்ல. மூன்று தடவை அளந்து மூன்றும் 1 மி.மீட்டருக்குள் ஒத்துப்போனால்தான் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த 20 மி.மீ. எதற்கு? பள்ளத்தில் இறங்கும்போது ஆக்சில் முன்னால் வந்தால் ஷாஃப்ட் போய் கியர்பாக்ஸின் உள்முனையில் முட்டும். முட்டினால் பின்பக்க உறையே விரிசல் விடும்.

ஆக்சில் மேலே போகும்போது முன்னால் வருமா, பின்னால் போகுமா என்று ஊகிக்காதீர்கள். பட்டை ஸ்பிரிங் வளைவாக இருப்பதையும் ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) எந்தப் பக்கம் என்பதையும் பொறுத்து அது மாறும். ஜாக்கியால் ஆக்சிலை முழுதாகத் தூக்கி ஒரு அளவு, சேஸை உயர்த்தி ஆக்சிலைத் தொங்கவிட்டு ஒரு அளவு எடுங்கள். தொங்கும் நிலையிலும் ஸ்பிளைன் ஒன்றுக்குள் ஒன்று நன்றாக நுழைந்திருக்க வேண்டும். பழைய வண்டியில் இருந்த பிடிப்பை விடக் குறைந்தால், முழு இழுவையின்போது பல் தேயும்.

குட்டை ஷாஃப்ட்டுக்கு ஒரு எச்சரிக்கை. ஆக்சில் 75 மி.மீ. ஏறினால் 1000 மி.மீ. ஷாஃப்ட்டின் கோணம் சுமார் 4 டிகிரி மாறும். 600 மி.மீ. ஷாஃப்ட்டில் அதுவே 7 டிகிரி. குட்டையாக ஆக ஆக ஸ்பிரிங்கின் ஆட்டத்தையும் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும்.

6. குழாய்: எவ்வளவு நீளம் வரை தாங்கும்?

குட்டையாக்குவோர் இதைத் தாண்டிப் போகலாம். ஆம்னியின் சக்கர இடைவெளி 1840 மி.மீ.தான். நாம் கட்டும் தாழ்வான காரில் அது அதிகமாக இருப்பதால் பெரும்பாலும் ஷாஃப்ட் நீளும். நீளமாக்குவது என்றால் புதுக் குழாய், இரு முனையிலும் பழைய யோக். வேறு வழி கிடையாது.

நீளமான குழாய் ஒரு வேகத்துக்கு மேல் கயிறு சுற்றுவது போல நடுவில் வளைந்து ஆடத் தொடங்கும். அந்த வேகத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். குழாயின் வெளிவிட்டத்தையும் உள்விட்டத்தையும் தனித்தனியே வர்க்கம் செய்து கூட்டி, அதன் வர்க்கமூலத்தை 12 கோடியால் பெருக்குங்கள். வந்ததை நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கிடைக்கும். அளவெல்லாம் மி.மீட்டரில்.

50 மி.மீ. வெளிவிட்டம், 2 மி.மீ. கனமுள்ள குழாய் 1000 மி.மீ. நீளத்தில் சுமார் 8,150 சுற்று தாங்கும். அதே குழாய் 1200-ல் 5,660. 1500-ல் வெறும் 3,620. பாதி நீளம் கூட்டியதற்குப் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, பாருங்கள். வந்த எண்ணில் முக்கால் பங்கை மட்டும் நம்புங்கள். நான்காவது கியரில் ஷாஃப்ட் இன்ஜின் வேகத்திலேயே சுற்றும், ஐந்தாவது கியர் இருந்தால் அதைவிட வேகமாக. என் இன்ஜினை 5,500-க்கு மேல் விரட்டுவதில்லை, 1000 மி.மீ. குழாய் எனக்குப் போதும். 1200 தேவைப்பட்டிருந்தால் இன்னும் பெரிய விட்டமுள்ள குழாய்க்குப் போயிருப்பேன். அதற்கு மேல் என்றால் நடுவில் பேரிங் வைத்த இரண்டு துண்டு ஷாஃப்ட்தான்.

ஆனால் குழாயின் உள்விட்டத்தை நம் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. யோக்கின் கழுத்து அதற்குள் இறுக்கமாக நுழைய வேண்டும். கழுத்தை அளந்துகொண்டு, அதைவிட ஒரு இழை சிறிய துளையுள்ள சீம்லெஸ் குழாய் வாங்கி, முனையை மட்டும் கடைந்து சரிசெய்வது வழக்கம். ஹார்டுவேர் கடையின் ஜி.ஐ. பைப் வேண்டாம். துத்தநாகப் பூச்சு வெல்டில் ஓட்டை ஓட்டையாகக் கொப்பளிக்கும், அந்தப் புகையும் நெஞ்சுக்கு ஆகாது. தண்ணீர் பைப்பின் கனமும் சுற்றிலும் ஒரே சீராக இருக்காது.

7. பஞ்ச் அடித்த பிறகே பிரியுங்கள்

முன் யோக்கின் இரண்டு காதுகளும் பின் யோக்கின் இரண்டு காதுகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஷாஃப்ட்டைத் தரையில் வைத்து ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்தால் நான்கு காதும் ஒரே வரிசையில் தெரியும். இதில் 90 டிகிரி பிசகினால் நான்காம் பகுதியில் சொன்ன இரு கோளாறுகளும் கழிவதற்குப் பதிலாக ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

நான் முதல் தடவை சாக்பீஸால் குழாய் நெடுகக் கோடு போட்டிருந்தேன். கடைசலில் கூலன்ட் ஊற்றியதும் ஒரு சுற்றில் கோடு கழுவிப் போயிற்று. லேத் அண்ணன் திரும்பிப் பார்த்து, "தம்பி, கோடு எங்க போச்சு?" என்றார். அப்புறம் கண்ணளவில் வைத்து வெல்டு பிடித்தோம். ஒட்டோடு சேர்த்து இதுவும் ஒரு காரணம், அந்த ஷாஃப்ட் உலுக்கியதற்கு.

சென்டர் பஞ்சால் அடியுங்கள். முன் யோக்கில் ஒரு புள்ளி, அதற்கு நேரே குழாயில் ஒரு புள்ளி. பின் யோக்கில் இரண்டு புள்ளி, அதற்கு நேரே குழாயில் இரண்டு. ஃபிளான்ஜுக்கும் அப்படியே. புதுக் குழாய் போடுவோருக்குக் குழாயில் அடித்த குறி உதவாது. அவர்கள் இரண்டு யோக்கையும் குழாயில் செருகி, கிராஸ் ஓட்டைகளுக்குள் ஒரே அளவு நேர்க்கம்பியை நுழைத்து, மட்டமான மேசையில் இரண்டு கம்பியும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று ஆங்கிள் கேஜால் பார்க்க வேண்டும்.

கிராஸ்களை இப்போதே கழற்றிவிடுங்கள். மாட்டிக்கொண்டே வெல்டு செய்தால் சூட்டில் கிரீஸும் சீலும் வெந்துவிடும்.

8. கடைசலில்

ஹேக்சா பிளேடால் வெட்டாதீர்கள். ஆங்கிள் கிரைண்டரும் வேண்டாம். வெட்டிய முகம் அச்சுக்குச் செங்குத்தாக இல்லையென்றால், யோக் சாய்ந்து உட்கார்ந்து, வெல்டு அந்தச் சாய்வையே நிரந்தரமாக்கிவிடும்.

லேத்தில் ஒரு முனையைச் சக்கில் பிடித்து மறுமுனைக்கு ஸ்டெடி (தாங்கி) கொடுத்து, பழைய வெல்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து எடுக்க வேண்டும். வெல்டு தீர்ந்ததும் மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் தெரியும். அதுதான் குழாயும் யோக்கின் கழுத்தும் சேரும் இடம். அங்கே நிறுத்திவிட்டு மரக்கட்டை வைத்துத் தட்டினால் யோக் கழன்று வரும். கழுத்தைக் கடைந்துவிட்டால் அப்புறம் இறுக்கம் கிடைக்காது. இந்த இடத்தில் அவசரப்படாத லேத்காரரைத் தேடுங்கள்.

குட்டையாக்குவோர் ஒரு முனையை மட்டும் பிரித்தால் போதும். நான் பின் முனையைச் சொல்வேன். அந்த யோக் குட்டையானது, பிடிக்க வசதி. குறைக்க வேண்டியது பழைய நீளத்துக்கும் புது நீளத்துக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். குழாயின் முனையில் சுற்றிலும் சரிவு கடைந்துகொள்ளுங்கள், வெல்டு ஆழமாக இறங்க.

9. டாக், டயல் கேஜ், வெல்டு

யோக்கை அடித்து இறக்கியதும் புள்ளிகளைச் சரிபாருங்கள். பிறகு எதிரெதிராக நான்கு டாக் (சிறு புள்ளி வெல்டு) மட்டும். 12 மணி, 6 மணி, 3 மணி, 9 மணி.

இப்போது குழாயில், யோக்கை ஒட்டி, டயல் கேஜை வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். என் ஷாஃப்ட் முதலில் 0.8 மி.மீ. காட்டியது. லேத் அண்ணன் முள் ஏறி நிற்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். செம்புச் சுத்தியலால் அந்தக் கோட்டின் மேல் ஒரு தட்டு. சுற்றினார், 0.6. இன்னொரு தட்டு, 0.6-லேயே நின்றது. எதிர்ப்பக்க டாக்கைக் கிரைண்டரால் பாதி தேய்த்துவிட்டுத் தட்டியதும் 0.2-க்கு இறங்கியது. இதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. 0.25-க்குள் வராமல் முழு வெல்டுக்குப் போகாதீர்கள். வெல்டு ஆன பிறகு தட்டினால் எதுவும் நகராது.

வெல்டு ஆறும்போது தன் பக்கமாக இழுக்கும். ஒரே மூச்சில் சுற்றி வந்தால் ஷாஃப்ட் வளைந்துவிடும். கால் வட்டம் போட்டு, எதிர்க் கால் வட்டம் போட்டு, ஆறவிட்டு, மீதியைப் போடுங்கள். சி.ஓ.டூ வெல்டிங் நல்லது. ராடு என்றால் 7018 என்ற எண் கொண்டது, அதுவும் அடுப்பில் காயவைத்தது. யோக் அடித்து உருவாக்கிய கெட்டி எஃகு. அதைக் கொஞ்சம் சூடேற்றிவிட்டு வெல்டு செய்தால் ஓரத்தில் விரிசல் வராது. முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. கூடாது. தானாக ஆறட்டும்.

எர்த் கிளாம்பை எங்கே மாட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். லேத்தின் உடம்பில் மாட்டினால் கரண்ட் லேத்தின் பேரிங் வழியாகப் போய் அதைப் பொறித்துவிடும். குழாயிலேயே மாட்டச் சொல்லுங்கள். லேத்காரர் உங்களை மதிக்கத் தொடங்குவார்.

ஆறிய பிறகு இரு முனையிலும் நடுவிலும் மறுபடி டயல் கேஜ். என்னுடையது 0.3-ல் நின்றது. 0.5 தாண்டினால் பேலன்ஸுக்கு (மெஷினில் சுற்றி, எடைத்துண்டு வைத்து ஆட்டத்தைச் சரிசெய்வது) அனுப்பிப் பயனில்லை, பிரித்து மறுபடி செய்ய வேண்டியதுதான்.

10. கிராஸ் மாட்டுவது

கப்புக்குள் நீடில்கள் கிரீஸின் பிசுபிசுப்பில்தான் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சுத்தியலால் அடித்து ஏற்றும்போது ஒரு நீடில் சாய்ந்து கப்பின் அடியில் படுத்துவிடும். அப்போது கப் முழுதாக இறங்காது, கப்பைப் பிடிக்கும் வளையமான சர்கிளிப் காடிக்குள் விழாது. புதிதாகச் செய்பவர் இன்னும் ஓங்கி அடிப்பார், நீடில் உடையும். சர்கிளிப் விழவில்லையென்றால் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கப்பை வெளியே எடுத்துப் பாருங்கள். பெஞ்ச் வைஸில் வைத்து அழுத்தி ஏற்றினால் இந்தத் தொல்லை குறைவு.

மாட்டிய பிறகு எல்லாத் திசையிலும் கையால் வளைய வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. இறுக்கமாக இருந்தால் யோக்கின் காதில் செம்புச் சுத்தியலால் இலேசாகத் தட்டுங்கள், கப் நகர்ந்து இடம் விடும். கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸ் என்றால், வண்டியில் ஏறிய பிறகு கிரீஸ் கன் எட்டும் பக்கம் பார்த்துப் போடுங்கள்.

11. பேலன்ஸ்

எங்கள் பக்கம் லாரி ஷாஃப்ட் வேலைக்குப் பஞ்சமில்லை. 44-ம் எண் நெடுஞ்சாலையும் 48-ம் எண் நெடுஞ்சாலையும் சந்திக்கும் ஊர் இது. ஆனால் லாரி ஷாஃப்ட் மெஷினில் ஆம்னியின் சின்ன ஃபிளான்ஜைப் பிடிக்க வட்டு இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஓசூர், சேலம் இரண்டிலும் விசாரிக்கலாம். ஸ்லிப் யோக், கிராஸ், ஃபிளான்ஜ் எல்லாம் மாட்டிய முழு ஷாஃப்ட்டாகக் கொடுங்கள். பெயின்ட் அடிக்காமல் கொடுங்கள்.

ஒரு கடையில் எனக்கு நடந்தது: கறுப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சுரண்டிப் பார்த்தால் ஒரு எடைத்துண்டுகூட வைத்திருக்கவில்லை, பழைய துண்டு இருந்த இடத்தையும் தொடவில்லை. புதிதாக வெல்டு செய்த ஷாஃப்ட்டுக்கு எடையே தேவைப்படாமல் போவது அபூர்வம். மெஷினில் சுற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். இரு முனைக்கும் தனித்தனி எண் வருகிறதா என்று பாருங்கள்.

12. வண்டியில் ஏற்றுவது, காவல் வளையம்

ஏற்றும் முன் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் சேஸில் வெல்டு செய்தாக வேண்டும். நம் காரில் ஷாஃப்ட் ஓட்டுபவரின் இடுப்புக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. முன் கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட்டின் முனை தரையில் குத்தி வண்டியையே தூக்கும், அல்லது சீட்டுக்குள் வரும். 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனமுள்ள பட்டையை வளைத்து, முன் கிராஸிலிருந்து 150 மி.மீட்டருக்குள் போடுங்கள். ஸ்பிரிங் முழுதாக ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் அதில் உரசக் கூடாது. இதை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஸ்லிப் யோக்கின் வெளிப்பக்கத்தில் கியர் ஆயில் தடவிச் சீலுக்குள் நேராகத் தள்ளுங்கள், சீலின் உதடு மடங்காமல். பஞ்ச் புள்ளிகளைச் சேர்த்து ஃபிளான்ஜைப் பூட்டுங்கள். பழைய வண்டியின் போல்ட்டே நல்லது. கிடைக்காவிட்டால் தலையில் 8.8-க்குக் குறையாத எண் போட்ட போல்ட்.

13. ஓட்டிப் பார்ப்பது

முதலில் நின்ற இடத்திலேயே. ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் வையுங்கள், சேஸுக்கு அடியில் வேண்டாம். சேஸைத் தூக்கினால் ஆக்சில் தொங்கி, கோணம் கூடி, இல்லாத கோளாறெல்லாம் தெரியும். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் சீட்டில் உட்கார்ந்து, ஷாஃப்ட்டுக்கு நேரே யாரும் நிற்காமல், முதல் கியரில் மெதுவாகச் சுற்றவிட்டுக் காது கொடுங்கள்.

அப்புறம் தரையில். கிளம்பும்போது மட்டும் உதறி, வேகம் எடுத்ததும் சரியானால் கோணம். பினியனின் மூக்கு நீங்கள் நினைத்ததைவிட அதிகமாக எழுகிறது. கிளம்பும்போது சரியாக இருந்து, வேகம் கூடக் கூட ரீங்காரம் ஏறினால் பேலன்ஸ் அல்லது வளைவு. அதே வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். அப்போதும் ரீங்காரம் இருந்தால் ஷாஃப்ட் பக்கம், நின்றுவிட்டால் இன்ஜின் பக்கம். ஸ்டீயரிங் மெதுவாக ஆடுவதற்கும் ஷாஃப்ட்டுக்கும் சம்பந்தமில்லை, அது சக்கரம்.

ரீங்காரம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் ஷாஃப்ட்டைக் கழற்றி ஓடாதீர்கள். ஃபிளான்ஜை மட்டும் அவிழ்த்து 180 டிகிரி திருப்பிப் பூட்டிப் பாருங்கள். ஃபிளான்ஜின் சிறு பிசகும் ஷாஃப்ட்டின் சிறு பிசகும் ஒரே பக்கம் சேர்ந்திருந்தால், திருப்பியதும் ஒன்றை ஒன்று ஈடுகட்டும். என் வண்டியில் மிச்சமிருந்த நடுக்கம் அப்படித்தான் போனது. பழைய பஞ்ச் புள்ளிகளைத் தேய்த்துவிட்டுப் புது நிலையில் புதிதாக அடித்து வைத்தேன்.

50 கிலோமீட்டர் ஓடியதும் ஃபிளான்ஜ் போல்ட் நான்கையும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். எனக்கு ஒன்று கால் சுற்று இறங்கியது.